கோல் வாங்கச் சொன்ன டிரில் மாஸ்டர்

டிரில் மாஸ்டர் உத்தியோகம் என்பது வெயில் காலத்தில் பிள்ளைகளோடு மைதானத்தில் காய்வது, மழைக் காலத்தில் நம் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்ப்பது. கொடிக் கயிறு மாட்ட, ஊர்வலத்தில் வரிசை பிரிக்க, பிரேயரில் மயங்கி விழுந்தவனைத் தூக்க, எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். யோசனை கேட்க மட்டும் கூப்பிட மாட்டார்கள். இந்தத் தொழிலில் தொண்டை கட்டிப்போன என் சகபாடிகளுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். அப்படி யாரும் மதிக்காத ஓர் ஆளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தால் அவன் என்ன செய்வான் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

அறுபதுகளின் கடைசி. எண்ணூரில் அனல் மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு போகிற பஸ் ரூட்டில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. சுற்றுவட்டாரத்து ஆறு பள்ளிகளைச் சேர்த்து, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு ஒரு ஃபுட்பால் லீக் ஆரம்பித்தேன். எங்கள் பள்ளி மைதானத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டம். ஆரம்பித்தவரை நல்ல காரியம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

தகரப் பலகை

லீக் என்றால் பாயிண்ட் பட்டியல் வேண்டாமா? பள்ளிக் கூரையிலிருந்து கழற்றிப் போட்டிருந்த தகரம் ஒன்றைத் தட்டி நிமிர்த்தி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் கட்டம் போட்டேன். ஆடியது, ஜெயித்தது, தோற்றது, டிரா, போட்ட கோல், வாங்கிய கோல், பாயிண்ட். உள்ளே எழுதுகிற பேரும் எண்ணும் மட்டும் சாக்பீஸில். அதை பஸ் ஸ்டாப்பில் இருந்த முனுசாமியின் டீக்கடை வாசலில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சாக்பீஸோடு போய் நின்றால் பெஞ்சில் இடம் கிடைக்கும், கேட்காமலே டீ வரும். "மாஸ்டர் வந்துட்டாருப்பா" என்று நாலு பேர் எழுந்திருப்பார்கள். அந்த நாலு பேர் எழுந்திருப்பதற்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு முனுசாமி பட்டியலை உரக்கப் படித்துக் காட்டுவார். மேலே எங்கள் பள்ளி இருக்கும், அல்லது மீஞ்சூர் பள்ளி இருக்கும். கடைசியில் எப்போதும் ஏரிக்கரைக் குப்பத்துப் பள்ளி. அது ஓராசிரியர் பள்ளி, ஏரியில் வலை போடுகிறவர்களின் பிள்ளைகள். பதினொரு தலை சேர்ப்பதற்கே மூன்றாம் வகுப்புப் பொடியன்களையும் இறக்கியாக வேண்டும். ஐந்தாவது வாரம் நான் எழுதிக்கொண்டிருந்தபோது முனுசாமி டீயை நீட்டியபடி ஒரு யோசனை சொன்னார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கடைசிப் பேர மட்டும் பெயிண்ட்லயே எழுதிடுங்க வாத்தியாரே. அது எங்க மாறப் போவுது?"

மடிப்பு கலையாத சட்டை

எங்கள் டீமில் பதினாறு பையன்களுக்குச் சட்டை கொடுத்திருந்தேன். ஆடுகிறவர்கள் பதினொரு பேர், மற்ற ஐந்து பேர் எக்ஸ்ட்ரா. எக்ஸ்ட்ராவில் லோகு என்று ஒரு ஒன்பது வயதுப் பையன். பந்தைக் கண்டால் உயிர். ஆனால் காலுக்கும் பந்துக்கும் இன்னும் சரியாகப் பழக்கம் ஏற்படவில்லை. பழக்கம் ஏற்பட வேண்டுமென்றால் ஆட விட வேண்டும். எனக்கோ பட்டியலில் மேலே நிற்க வேண்டும். நாலு கோல் முன்னால் இருந்தபோதுகூட அவனை இறக்கவில்லை, ஐந்தாவது கோல் எனக்கு வேண்டியிருந்தது.

லீக் பாதி முடிந்த சமயம், நடவுக்குப் போய்க்கொண்டிருந்த அவன் அம்மா பள்ளி கேட்டுக்கு வெளியே என்னை நிறுத்தினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எல்லார் ஊட்லயும் சட்டைய துவைச்சித் துவைச்சி கை ஓயுதுன்றாங்க சார். எங்க ஊட்ல மட்டும் மடிச்ச மடிப்பு கலையாம கீதே, இன்னா சார் அது?"

உப்பளத்து வழி

குப்பத்துப் பையன்கள் ஆட்டத்துக்கு வரும்போது கால் கழுவத் தண்ணீர் கேட்பார்கள். பாதமெல்லாம் வெளுத்து, வெடித்து, சில பேருக்கு ரத்தம்கூடக் கசியும். ரோடு வழியாக வந்தால் அப்படி ஆகாது. ஒரு நாள் அவர்கள் வருகிற திசையைப் பார்த்தேன். நேர்ரோட்டை விட்டுவிட்டு, ஒரு மைல் சுற்றி, உப்பளத்து வரப்பு மேல் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் குடை பிடித்தபடி அவர்களுடைய ரூபாவதி டீச்சர். அந்த அம்மாளுக்கு ஃபுட்பாலில் ஆனாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை தவறியது கிடையாது.

"ரோடு இருக்கும்போது இந்த வழி எதற்கு?" என்று டீச்சரைக் கேட்டேன். "பசங்களையே கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் குடையை மடித்தார். டீமுக்குக் கேப்டன் ஏழுமலை. பத்து வயது, ஒல்லி, பேசினால் நம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான். காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னான். அன்றைக்கே போய் அந்தப் பலகையை நான் இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கால் கழுவ ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

"ரோட்டால வந்தா டீக்கட அண்ணன் எங்க பேர சத்தமா படிக்கறாரு சார். வரப்புல வந்தா கொக்குதான் பாக்கும்."

விடை இல்லாத டீம்

கடைசி வாரம். மீஞ்சூர் தன் ஆட்டங்களை முடித்துவிட்டது, எங்களுக்குப் பாக்கி இருந்த ஒரே ஆட்டத்தை ஜெயித்தால் நாங்களும் பாயிண்டில் சமம். சமமாக வந்தால் கோல் ஆவரேஜ் பார்ப்பது என்று நானே விதி எழுதியிருந்தேன். போட்ட கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். எவனுக்கு அதிகம் வருகிறதோ அவன் முதல். அந்தக் காலத்தில் பெரிய லீக்குகளிலும் அதுதான் வழக்கம். மீஞ்சூர் முப்பது கோல் போட்டு மூன்று வாங்கியிருந்தது, ஆவரேஜ் பத்து. நாங்கள் இருபத்திரண்டு போட்டிருந்தோம். வாங்கியது ஒன்றுகூட இல்லை.

எங்கள் கணக்கு வாத்தியார் தாமோதரன் சாரிடம் நோட்டை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது, விடை கிடையாது என்றார். மீஞ்சூர் டிரில் மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். விடை இல்லாத டீமுக்குப் பட்டியலில் இடமும் இல்லை, விதி உங்கள் கையெழுத்தில்தானே இருக்கிறது என்று அழிச்சாட்டியம் செய்தார். ஒரு கோலும் வாங்காத டீம்தான் உசத்தி என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நாங்கள் மூன்று பேரும் படித்தவர்கள், பி.டி. ரூமில் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் பூஜ்யத்தைப் பற்றி வாதாடினோம். மீஞ்சூர்க்காரர் கோபமாக எழுந்து போன பிறகு, தாமோதரன் சார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மெதுவாக ஒரு வழி சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு வாங்கிக்குங்க சார். கணக்கு சுத்தமா வந்துடும்."

கஜேந்திரன் குதித்த பக்கம்

எங்கள் கடைசி ஆட்டம் குப்பத்தோடு. கோல்கீப்பர் கஜேந்திரன், பத்து வயது. லீக் முழுக்க ஒரு பந்தைக்கூட உள்ளே விடாதவன். ஆட்டத்துக்கு முன்னால் அவனைப் புளியமரத்துப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய், நாலு கோல் நாம் போட்ட பிறகு ஒன்றே ஒன்றை விட்டுவிடு, யாரிடமும் சொல்லாதே என்றேன். அவன் கையில் மாட்டியிருந்த கம்பளிக் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றான். "தெரிஞ்சே வுடணுமா சார்?" என்று கேட்டான். "டீமுக்காகடா" என்றேன்.

நாலு கோல் ஆயிற்று. பிறகு ஏழுமலை தூரத்திலிருந்து ஒரு பந்தை உதைத்தான். நல்ல உதைகூட இல்லை, தரையோடு உருண்டு வந்தது. கஜேந்திரன் பந்து வராத பக்கம் குதித்தான். குப்பத்துப் பையன்களுக்கு முதலில் என்ன நடந்தது என்றே புரியவில்லை. லீக் முழுக்க அவர்கள் கோல் போட்டதே கிடையாது. போட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவன் உட்கார்ந்தான், ஒருவன் அழுதான், மூன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்து நிற்கவே இல்லை. ரூபாவதி டீச்சர் குடையை மேலே வீசிவிட்டார். ஆறுக்கு ஒன்று என்று தோற்றுவிட்டு, ஏழுமலையைத் தோளில் தூக்கிக்கொண்டு, அன்றைக்கு ரோட்டு வழியாகவே போனார்கள். டீக்கடையைத் தாண்டித்தான்.

போவதற்கு முன்னால் ஏழுமலை தோளிலிருந்து இறங்கி என்னிடம் ஓடி வந்தான்.

"சார், அந்தக் கட்டத்துல ஒண்ணுன்னு போடுவீங்க இல்ல சார்? சாக்பீஸ் அழிஞ்சிடாம நல்லா அழுத்திப் போடுங்க சார்."

தேசப்பன் கொண்டுவந்த மடவை

மறுநாள் காலையில் நான் டீக்கடைக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலில் ஏழுமலையின் அப்பா தேசப்பன் நின்றார். கையில் ஓலைக்கூடை, கூடை நிறைய மடவை மீன், அப்போதுதான் ஏரியிலிருந்து வந்தது. மகன் ராத்திரி தூங்கவில்லையாம், குப்பத்தில் எல்லாரையும் உட்கார வைத்து அந்த உதையை உதைத்து உதைத்துக் காட்டினானாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடையை வாங்கி உள்ளே கொடுத்தேன். மத்தியானம் குழம்பும் சாப்பிட்டேன். எழுதவே கூசுகிறது, நன்றாகத்தான் இருந்தது.

போகும்போது தேசப்பன், தப்பாக நினைக்காதீர்கள் என்று ஆரம்பித்து அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டார். மகன் ஜெயிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பேரை மேலேயும் கீழேயும் எழுதி மாட்டுவது எதற்கு என்றுதான் அவருக்குப் புரியவில்லை. அவர்கள் ஏரியில் மீன் பிடிக்கிற இடத்தைப் பிரித்துக்கொள்ளும் முறைக்குப் பாடு என்று பேர். அதைச் சொல்லிவிட்டுக் காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்.

"எங்க ஏரியில சீட்டு குலுக்கிப் பாடு எறங்குவோம் சார். நல்ல எடம் இன்னைக்கி உனுக்கு, நாளைக்கி எனுக்கு. ஜாஸ்தி மீன் புடிச்சவன் பேர மேல எழுதி மாட்டுனா, மறுநாளு கரையில வெட்டு குத்துதான்."

அழித்த கட்டம்

பாயிண்டில் சமம், ஆவரேஜ் இருபத்தெட்டு, முதலிடம் எங்களுக்கு. அடுத்த சனிக்கிழமை பரிசு கொடுப்பதாக ஏற்பாடு. ஆனால் அந்த ஒரு வாரம் கஜேந்திரனுக்கு நரகம். "ஓட்டக் கை" என்று அவன் பேரையே மாற்றிவிட்டார்கள். குப்பத்துப் பசங்களிடம் கோல் வாங்கியவன் என்று நாலாம் வகுப்புக்காரன்கூடக் கேலி செய்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அது என்னைப் பற்றிய வார்த்தை.

சனிக்கிழமை நான் டீக்கடைப் பெஞ்சில் இருந்தேன். குப்பத்துப் பையன்கள் ரோட்டு வழியாக வந்து பலகை முன்னால் நின்று, தங்கள் ஒன்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் எங்கள் பையன்கள் கஜேந்திரனைச் சீண்டிக்கொண்டே வந்தார்கள். முனுசாமியும் "வாப்பா ஓட்டக் கை" என்று கூப்பிட்டார். பையன் வெடித்துவிட்டான். "நான் ஒண்ணும் வாங்கல, சார்தான் வுடச் சொன்னாரு, சாரையே கேளுங்க!" என்று கத்திவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல நினைத்தேன் என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது. ஏழுமலை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பலகைக்குத் திரும்பி, உள்ளங்கையில் எச்சிலைத் தொட்டு, தங்கள் வரிசையில் இருந்த அந்த ஒன்றை அழித்தான். நான் அழுத்தித்தான் எழுதியிருந்தேன். மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது.

"அது எங்குளுது இல்ல சார்."

மீஞ்சூர்க்காரரின் வருத்தம்

அன்றைக்குப் பரிசு கொடுக்கவில்லை. பலகையை இறக்கி, எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டேன். அடுத்த வாரம் ஆறு பள்ளிக்காரர்களையும் கூட்டி, நான் செய்ததைச் சொல்லி, இனிமேல் இந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பாயிண்டும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம் என்றேன். ரூபாவதி டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்கள் காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராகத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மீஞ்சூர் டிரில் மாஸ்டர் தொடையைத் தட்டிக்கொண்டார். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான், நான் என்ன வியாதியில் இருந்தேன் என்பது எனக்கே முழுசாகப் புரிந்தது.

"அடடா, இது எனக்குத் தோணாம போச்சே சார்! நாங்க மூணு கோலையும் நெஜமாவே வாங்கித் தொலைச்சோம்."

சீட்டு குலுக்கிய லீக்

அடுத்த வருஷம் பாடு முறையையே எடுத்துக்கொண்டேன். ஆறு பள்ளிப் பையன்களின் பேரையும் சீட்டில் எழுதி, சனிக்கிழமை காலையில் குடத்தில் போட்டுக் குலுக்கி, அன்றைக்கு வருகிற டீம் அன்றைக்கு மட்டும். வந்த பையன்கள் எல்லாரும் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும். எதையும் எழுதி மாட்டக் கூடாது. பையன்கள் கோலை எண்ணாமல் இருந்தார்களா என்றால் எண்ணினார்கள், சண்டையும் போட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் டீமே மாறிவிடுவதால் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை. லோகு முதல் ஆட்டத்திலேயே சட்டையைக் கிழித்துக்கொண்டான்.

பெரியவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. முனுசாமி ஞாயிற்றுக்கிழமை யாரும் பெஞ்சில் உட்காருவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆந்திரா எல்லைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கிப் பயிர் வைத்திருந்த ஒருவர், தன் பையன் மூன்று கோல் போட்டும் எதிலும் எழுதவில்லையே என்று மைதானத்தின் நடுவில் வந்து நின்றுகொண்டு என்னைக் கேட்டார். ஆட்டமே நின்றுவிட்டது.

"பாயிண்ட்டும் கெடையாது, லிஸ்ட்டும் கெடையாது, இத்த பாக்கவா நான் ஏர வுட்டுட்டு வந்தேன் நைனா?"

ஏழுமலையின் நிபந்தனை

பலகையை இறக்கிய மறுநாளே ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்கக் குப்பத்துக்குப் போயிருந்தேன். படகு மறைவில் போய் உட்கார்ந்துகொண்டான், வரவில்லை. தேசப்பன் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அவன்கிட்ட நான் இன்னா சார் சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார். படகைப் பார்த்துத் தப்பு என்னுடையதுதான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். புது லீக்கில் முதல் மூன்று வாரம் குப்பத்திலிருந்து மற்ற பையன்கள் வந்தார்கள், அவன் வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் பேர் எழுதிய சீட்டை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என்னால் ஒரு பையன் ஆட்டத்தையே விட்டுவிட்டான் என்ற நினைப்பு சோற்றில் கை வைக்க விடவில்லை.

நாலாவது வாரம் வந்தான். ரோட்டு வழியாக, தனியாக. கஜேந்திரன் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டான். நான் சீட்டைக் குடத்தில் போட்டேன். அவன் பேர் வந்ததும், முன்வரிசையில் ஆடுகிறாயா என்று கேட்டேன், கோல் போடுகிற இடம் அதுதானே என்று. தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. கஜேந்திரனிடமிருந்து கம்பளிக் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"நான் கீப்பர் நிக்கறேன் சார். யார் சொன்னாலும் வுட மாட்டேன்."

உங்களிடம் ஆடியவர்களில் உருப்படியாக வந்தவன் யார் என்று யாராவது கேட்டால், வாத்தியார் சொன்னால்கூடக் கேட்க மாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்ன அந்த ஒருவனின் பேரைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன், என்ன காரணம் என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுகிறேன்.